தோமா கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம்

ஞாயிறு மாலை வாசிப்பு வட்டத்தில் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' படித்து முடித்த அன்று, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணா, எனக்கு இப்பல்லாம் ஜெபம் வரமாட்டேங்குது. கண்ண மூடுனா கேள்விதான் வருது. வீட்டுக்குப் போனா அம்மா குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிடுறாங்க. முட்டி போட்டா நடிக்கிற மாதிரி இருக்கு. நான் இன்னும் கிறிஸ்டியனா, இல்லையா?"

எங்களிடம் வருவதற்கு முன்பே மூன்று இடங்களில் அவளுக்குப் பதில் கிடைத்திருந்தது. பங்குச் சாமியார், "சாத்தான் சோதிக்கிறான், ஜெபமாலை சொல்லும்மா" என்றார். கல்லூரித் தோழர் ஒருவர், "இன்னுமா அந்தச் சாமியக் கட்டிக்கிட்டு அழுவுற? தூக்கிப் போட்டுட்டு வா" என்றார். சாதிச் சான்றிதழுக்குப் போன இடத்தில் ஓர் அலுவலர், "சர்ச்சுக்குப் போவியா? வீட்டுல சிலுவை மாட்டியிருக்கா?" என்று விசாரித்தார்.

மூன்று பேருக்கும் அவள் ஏதாவது ஒரு பக்கம் நின்றால் போதும். அந்தக் கேள்வி அவளுக்குள் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

அவளுடைய சந்தேகம் டார்வினைப் படித்து வந்ததல்ல. தாத்தாவை அடக்கம் செய்த அன்று வந்தது. ஊர்த்தெரு வழியாகப் பாடை போகக் கூடாது என்று சுற்றிக்கொண்டு வயல்வரப்பில் தூக்கிப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று ஒதுக்கியிருந்தது ஓடைப்பக்க மூலை. தாத்தா நாற்பது வருடம் அந்தக் கோயில் மணியை அடித்தவர். உயிர்த்தெழுதல் பற்றிச் சாமியார் செய்த பிரசங்கத்தைக் கேட்டபடி, எழும்போதாவது எல்லோரும் ஒரே பக்கமாக எழுவார்களா என்று அவள் யோசித்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் வந்த யோசனை. அதற்குச் சாத்தான் எதற்கு? ஓடைப்பக்க மூலை போதாதா?

ஐரோப்பியரின் சந்தேக வரலாற்றை எல்லோரும் படிக்கிறோம். அங்கே தொலைநோக்கி வந்தது, புதைபடிவம் வந்தது, வேதத்தின் வயதைக் கணக்குப் பார்த்தார்கள், நம்பிக்கை ஆடியது. நம்முடையது வேறு வகை. உலகத்தை ஆறு நாளில் படைத்தாரா என்பது நமக்கு இரண்டாவது கேள்வி. ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பீடத்திலிருந்து சொல்கிறவர், நம் தெருவில் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நானூறு வருட வயது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பரதவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்த மூத்த குருவிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டார். காவி கட்டினார், பூணூல் போட்டார். உயர்சாதியினர் தன்னிடம் வரவேண்டும் என்பதற்காகச் சாதியை 'சமூக வழக்கம்' என்று சொல்லி உள்ளே விட்டார். அறிவாளி, தமிழுக்குத் தொண்டு செய்தவர், எல்லாம் சரி. ஆனால் கோயிலுக்குள் சாதி நுழைவதற்குக் கதவைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர். புரொட்டஸ்டன்ட் பக்கமும் கதை இதுதான். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியைக் கைவிட வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கண்டிப்பாக எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், பலர் சபையை விட்டே போனார்கள். கிறிஸ்துவையா சாதியையா என்ற கேள்வி வந்தபோது அவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கவில்லை.

திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைப் பிளந்து நின்ற சுவரைப் பற்றி எழுதியாயிற்று, போராடியாயிற்று. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் ஆதிக்கச் சாதிப் பக்கத்தவர்கள், அந்தச் சாவும் நமக்குத் துக்கம்தான். அடித்தவர்கள், அடிவாங்கியவர்கள், செத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதாவிடம் வேண்டிக்கொண்டவர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்குச் சந்தேகமே வரவில்லை என்றால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

சந்தேகம் பாவம் என்று பிரசங்கம் செய்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். இயேசுவின் பன்னிரண்டு பேரில் நம் மண்ணுக்கு வந்தவர் என்று மரபு சொல்வது யாரை? பேதுருவை அல்ல, யோவானை அல்ல. தோமாவை. சந்தேகத் தோமாவை. பரங்கிமலையில் அவர் குத்திக் கொல்லப்பட்டார், சாந்தோமில் புதைக்கப்பட்டார் என்று சொல்லி வருடா வருடம் ஜூலை 3இல் திருவிழா எடுக்கிறீர்கள். அந்த மனிதர் எதற்காகப் பெயர் பெற்றவர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறீர்கள்.

அவர் கேட்டது என்ன? யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை எடுத்து மறுபடி படியுங்கள். அற்புதம் செய்து காட்டு என்று அவர் கேட்கவில்லை. வானத்திலிருந்து அடையாளம் கேட்கவில்லை. காயத்தைக் காட்டு என்றார். ஆணி பாய்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். உயிர்த்தவர் என்று சொல்லப்படுகிறவரின் உடம்பில் அந்த வலியின் தழும்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வேறு யாரோ. இதைவிட நியாயமான சோதனை ஒன்று உண்டா?

அந்த அதிகாரத்தில் நாம் அதிகம் கவனிக்காத இடம் இன்னொன்று இருக்கிறது. தோமா நம்பமாட்டேன் என்று சொன்னதற்கும் இயேசு மறுபடி வந்ததற்கும் இடையில் எட்டு நாள். அந்த எட்டு நாளும் மற்றச் சீடர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டாம் நாள் கதவு பூட்டியிருந்த வீட்டுக்குள் அவர்களோடு அவரும் இருக்கிறார். பத்துப் பேர் நம்புகிறார்கள், ஒருவர் நம்பவில்லை, எல்லோரும் ஒரே வீட்டில். வந்தவரும் திட்டவில்லை, கையை நீட்டச் சொன்னார். காணாமலே நம்புகிறவர்களைப் பாராட்டும் வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. காயத்தைக் காட்டிவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர். நம் மேய்ப்பர்கள் காயத்தை மூடிவைத்துக்கொண்டு அந்த வசனத்தை மட்டும் வாசிக்கிறார்கள்.

காயம் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் அவர்களே ஒத்துக்கொண்டதுண்டு. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்ல ஆவணம். உங்கள் பங்கில் அதை யாராவது பூசையில் வாசித்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை.' இந்த வாக்கியம் எங்கெங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம்.

1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். நமக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் மட்டும் கதவு மூடியே இருக்கிறது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடத் தொழிலாளி ஒருவருக்கு, கிறிஸ்தவர் என்பதால் அரசு கொடுத்த பங்க் கடை மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. சூசை வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அதைத்தான். ஆதாரம் எங்கே இருந்தது? பங்கு அலுவலகங்களின் அடக்கப் பதிவேட்டில், தேர்பவனிக்கு வரி வாங்காத வீடுகளின் பட்டியலில், கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தில். ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினம் என்று அறிவிக்கிற ஆயர் பெருமக்களைக் கேட்கிறோம்: டெல்லியில் போய் எங்கள் மக்கள் சாதியால் துன்பப்படுகிறார்கள் என்கிறீர்கள், சொந்த மறைமாவட்டத்தில் சாதி இல்லை என்கிறீர்கள். இதில் எதை நம்பச் சொல்கிறீர்கள்?

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. நீதி வரவில்லை, மேலும் ஒரு விசாரணைதான் வந்தது. 2024 நவம்பர் 26ஆம் தேதி, அரசமைப்புச் சட்ட நாளன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து கோயிலுக்குப் போகிறவர், ஆகவே இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்க முடியாது, உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றார்கள். நம்பிக்கை உண்மையானதா என்று நீதிமன்றம் அளந்து பார்க்கலாமாம். ஊர்க்காரர் எவரையாவது இப்படி அளந்ததுண்டா? ஆண்டுக்கு ஒருநாள்கூடக் கோயில் வாசல் மிதிக்காத உயர்சாதி நாத்திகரை, நீங்கள் உண்மையான இந்துதானா என்று எந்தத் தாசில்தார் கேட்டார்? சந்தேகப்படுகிற உரிமைகூட இங்கே சாதி பார்த்துத்தான் கிடைக்கிறது. நம் பிள்ளை சந்தேகப்பட்டால் சாமியாருக்குப் பாவி, அரசுக்கு மோசடிக்காரி.

அடுத்து நம் தோழர்கள். நாங்களும் பெரியாரைப் படித்து வளர்ந்தவர்கள்தாம். ஆனாலும் தூக்கிப் போட்டுவிட்டு வா என்று அவ்வளவு சுலபமாகச் சொல்பவர்களிடம் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. ஆதிக்கச் சாதியில் பிறந்து சாமி இல்லை என்று சொல்கிறவருக்கு நிலம் அப்படியே இருக்கிறது, தெரு இருக்கிறது, சொந்தம் இருக்கிறது. பல வீடுகளில் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் சாதியும் பத்திரமாக இருக்கிறது. சேரிப் பெண் தன் சபையைத் தூக்கிப் போட்டால் அவளுக்குப் போக இடம் எது? ஊர்த்தெருவில் 'ஏய்' என்று கூப்பிடப்பட்ட பாட்டிக்கு எஸ்தர் என்று ஒரு பெயர் அங்கேதான் கிடைத்தது. எழுத்து அங்கே கிடைத்தது. செத்தால் பத்துப் பேர் பாட்டுப் பாடுவார்கள் என்ற தைரியம் அங்கே கிடைத்தது. அந்தக் கையளவு மரியாதையை அபின் என்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு நா எழவில்லை.

இன்னொன்றையும் தோழர்கள் மறக்கிறார்கள். நம் முன்னோரின் நம்பிக்கையே சந்தேகத்தில்தான் பிறந்தது. இன்றைய குமரி மாவட்டம் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தவர், தெய்வத்தைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே பார்த்தது அவருக்கு நிறைவு தரவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கேட்டார், வேதமாணிக்கமானார். 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தது அவர் கூப்பிட்டுத்தான். வெள்ளைக்காரன் வந்து மாற்றினான் என்ற கதை இங்கே பொருந்தாது. கும்பிட்ட சாமியைக் கேள்வி கேட்ட ஒரு சேரிக்காரர் தாமே நடந்து போய்த் தேடிக்கொண்டு வந்த மதம் அது. அவருக்கு இருந்த உரிமை அவர் பேத்திகளுக்கு இல்லையா? கிறிஸ்துவிடம் போகும்போது மட்டும் கேள்வி கேட்கலாம், போன பிறகு வாயை மூட வேண்டும் என்றால் அது என்ன மீட்பு?

எங்கள் பக்கத் தவற்றையும் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒருவர் இருபது வயதில் நாத்திகரானார். அப்பாவின் அடக்கத்தில் ஜெபம் நடந்தபோது கொள்கைப் பிடிப்போடு வேலிக்கு வெளியே நின்றார். அம்மா தனியாக மண் போட்டார். இன்றும் அந்தப் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். கடவுளை நம்பாததற்காக அல்ல, அம்மாவின் கையைப் பிடிக்காததற்காக. மனிதநேயம் என்று மேடையில் பேசுகிற நமக்கு அந்த ஒரு பிடி மண் எவ்வளவு பெரிய பரீட்சை என்று அப்போது தெரியவில்லை.

சரி, கடவுள் இருக்கிறாரா என்று கேட்பீர்கள். எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரே பதில் இல்லை. 1973இல் வில்லியம் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சிந்தனையாளர், கடவுள் வெள்ளை இனவெறியரா என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். கடவுள் கறுப்பர்கள் பக்கம் நிற்கிறார் என்கிறீர்களே, எந்த நிகழ்ச்சியை வைத்துச் சொல்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். அதை நம் மொழியில் கேட்டால், கடவுள் ஊர்க்காரரா? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உலகமெல்லாம் கிறிஸ்து பிறப்புப் பாட்டு பாடிய இரவு. அங்கே கடவுள் எங்கே இருந்தார்? எரிந்தவர்களோடு எரிந்தார் என்பார்கள் தலித் இறையியல் படித்தவர்கள். இருந்து என்ன செய்தார் என்பான் எங்கள் தம்பி ஒருவன். இரண்டையும் எங்களால் தள்ள முடியவில்லை. சிலுவையில் தொங்கியவரே ஏன் கைவிட்டாய் என்று கத்தியதாகத்தான் மாற்கு எழுதியிருக்கிறார். அந்தக் கத்தலுக்கு மேலே இருந்து பதில் வந்ததாக எழுதவில்லை.

அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூர் இறையியல் கல்லூரியில் பேசிய பேச்சிலிருந்து தலித் இறையியலின் தொடக்கத்தைச் சொல்வார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு, நமக்குப் பரட்டை அண்ணன், அதைப் பறையிலும் நாட்டுப்புற மெட்டிலும் கொண்டுவந்தார். அவருடைய இறையியலின் மையம் 'ஒரே உலை'. எல்லோர் அரிசியும் ஒரு பானையில் வேக வேண்டும், எல்லோரும் அதிலிருந்து உண்ண வேண்டும். எங்களுக்கு அந்த இடம்தான் பிடிபடுகிறது. பானையில் அரிசி போட வருகிறவரிடம் விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொல்வதில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் உட்காரலாம், சாதி பார்க்கிறவர்தான் உட்கார முடியாது.

அம்பேத்கரும் மதத்தை இப்படித்தான் உரசிப் பார்த்தார். 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தவர், 1956 அக்டோபரில்தான் நாக்பூரில் தீட்சை எடுத்தார். இருபத்தொரு வருடம்! அவசரப்படவில்லை. மதமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விதிகளைத் திணிக்கிற மதம் ஆகாது, கோட்பாடுகளில் நிற்கிற மதம் வேண்டும், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்துக்கு அது பொருந்த வேண்டும் என்றார். கிறிஸ்தவத்தையும் அதே கல்லில் உரசினார், மதம் மாறியவர்களின் நிலை மாறவில்லையே என்று எழுதினார். நாமும் அதைச் செய்யலாம். ஓய்வுநாள் சட்டத்தைவிடப் பசித்தவன் வயிறு பெரிது என்று வாதாடிய இயேசு அந்த உரைகல்லில் தேறுகிறார். நம் பங்குப் பேரவை தேறுமா?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியர் மடத்துக்குள் போய், அங்கே சேரிப் பிள்ளைகளுக்கு ஓர் இடம், வசதியான பிள்ளைகளுக்கு ஓர் இடம் என்று இருந்ததைப் பார்த்துத் தாங்காமல் வெளியே வந்த பெண்ணின் எழுத்து. அவர் கடவுளை விட்டு வந்தாரா, மடத்தை விட்டு வந்தாரா என்று அந்தத் தங்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். ஒரு வாரம் கழித்து, "ரெண்டும் ஒண்ணு இல்லல்ல" என்றாள். பிறகு, "எனக்கு எதுன்னு இன்னும் தெரியல" என்றாள். தெரிய வேண்டிய அவசரம் இல்லை என்றோம். தோமாவுக்கு எட்டு நாள், அம்பேத்கருக்கு இருபத்தொரு வருடம்.

இப்போது வேலை ஒன்று இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அவள் ஊர்ப் பங்குப் பேரவைக்கு மனு தயாராகிவிட்டது. ஓடைப்பக்க மூலை என்று தனியாக எதுவும் இருக்கக் கூடாது, இடம் காலியாகும் வரிசையில் அடக்கம் நடக்க வேண்டும், பாடை நேர்வழியில் ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும், அடக்கப் பதிவேட்டை எல்லோரும் பார்க்கலாம் என்று எழுதி ஒட்ட வேண்டும், 2016 ஆவணத்தை அன்றைய பூசையில் வாசிக்க வேண்டும். இவ்வளவுதான். முதல் கையெழுத்து அவள் அம்மா போட்டார், ஜெபம் செய்துவிட்டு. வேலிக்கு வெளியே நின்ற எங்கள் தோழர் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். அவள் பள்ளிப் பெயரை எழுதப் போனவள் பேனாவை நிறுத்தி, அதை அடித்துவிட்டு, ஞானஸ்நானப் பெயரை எழுதினாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.